பிசிஓஎஸ்: சம்பா சோறும் மரச்சீனியும் விட்டே ஆகணுமா?

கருங்கல்காரி:
தங்கச்சிக்கு 22 வயசு, 155 செ.மீ., 68 கிலோ. மாதவிடாய் 45, 50 நாளுக்கு ஒருக்கா. பிசிஓஎஸ்னு (சினைப்பையைப் பாதிக்கிற ஹார்மோன் கோளாறு) உறுதியாச்சு, தைராய்டும் புரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) சரியா இருக்கு. அரிசியை விடு, ஓட்ஸ் சாப்பிடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. இப்ப காலையில புட்டும் ஏத்தன் (நேந்திரம்) பழமும், மத்தியானம் சம்பா சோறும் மீன்கறியும், சாயங்காலம் சாயாவோட மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ராத்திரி மறுபடி சோறு. 7 மணிக்கு காலேஜ் பஸ். எதை, எவ்வளவு மாத்தணும்?

தக்கலை டயட்டீஷியன்:
பிசிஓஎஸ்ஸுக்குன்னு தனி டயட் எதுவும் கிடையாது. 2023 சர்வதேச வழிகாட்டுதலும் ஒரு உணவுமுறை இன்னொண்ணைவிட மேல்னு சொல்லல. நிறையப் பேருக்குப் பிரச்சினை இன்சுலின் சரியா வேலை செய்யாததுதான். உடம்பு அதை ஈடுகட்ட இன்சுலினைக் கூட்டும், அது கூடினா ஓவரி ஆண் ஹார்மோனை அதிகமாச் சுரக்கும், கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும். எடையில 5 முதல் 10 சதவீதம் குறைஞ்சாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும். தங்கச்சிக்கு முதல் இலக்கு மூன்றரை கிலோ, அவ்வளவுதான்.

உங்க பட்டியல்ல நாலு வேளையும் மாவுச்சத்து. புரதம் மத்தியான மீன்ல மட்டும். முதல்ல காலையைச் சரிபண்ணுங்க. புட்டு பாதிக் குற்றி (குழாய்ல அவிச்ச ஒரு துண்டுல பாதி) போதும். பழத்துக்குப் பதிலா பயறு. ஆளுக்கு 40 கிராம் சிறுபயறை ராத்திரியே ஊறவெச்சு வேகவிட்டா 9 கிராமுக்கு மேல புரதம். கூட ஒரு முட்டை, இன்னொரு 6 கிராம். புட்டும் பயறும் நம்ம ஊர் ஜோடிதானே, பழம் பிசையிற பழக்கம்தான் கெடுக்குது: நல்லாப் பழுத்த பெரிய ஏத்தன் ஒண்ணுல 40 கிராமுக்கு மேல மாவும் சர்க்கரையும்.

மத்தியானம் சோறு ஒரு கப், துவரனோ (தேங்காய் போட்ட பொரியல்) அவியலோ ஒரு கப்புக்குக் குறையாம, மீன் 100 கிராம். சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி) விலையும் குறைவு, ஒமேகா 3-ங்கிற நல்ல கொழுப்பும் உண்டு. காய்கறியும் மீனும் முதல்ல, சோறு கடைசியில. அந்த வரிசைக்கே சாப்பிட்டபின் ஏறுற சர்க்கரை குறையும்.

குளச்சல் கரை:
சம்பான்னதும் நிம்மதி அடையாதீங்க. நல்லாத் தீட்டின சம்பாவுக்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. தினை, கேழ்வரகும் அப்படியே, நார் கூடினாலும் மாவு மாவுதான், அளவு பார்க்கணும்.

மரச்சீனியை விலக்க வேண்டாம். அது பலகாரம் இல்ல, சோற்றுக்கு மாற்றுன்னு நினைச்சா போதும். எடைக்கு எடை சோற்றைவிட மாவு அதிகம், புரதம் ஏறக்குறைய இல்ல. மரச்சீனி வைக்கிற அன்னைக்கு ராத்திரி சோறு கிடையாது, கிழங்கு ரெண்டு மூணு துண்டு, மீன்கறி தாராளமா. தேங்காய் அரைப்பு மட்டும் நாலு பேருக்குப் பாதித் தேங்காய்க்கு மேல போகாம பாருங்க.

தக்கலை டயட்டீஷியன்:
மரச்சீனி பத்திச் சொன்னதை ஒத்துக்கிறேன், ஆனா அது வாரம் ரெண்டு நாள் போதும். சாயங்காலப் பசிக்கு ஒரு கைப்பிடி வறுகடலை. சாயாவையும் எண்ணுங்க: நாளைக்கு நாலு, ஒவ்வொண்ணுலயும் 2 ஸ்பூன் சீனின்னா 35, 40 கிராம் ஆயிரும். கருப்பட்டிக்கு மாறுனா கணக்கு மாறாது, அதுவும் சர்க்கரைதான்.

கருங்கல்காரி:
மெட்ஃபார்மின் (இன்சுலின் நல்லா வேலை செய்ய உதவுற மாத்திரை) எழுதியிருக்காங்க. குமட்டுதுன்னு நிறுத்தப் பாக்குறா. அப்புறம் ராத்திரி சாப்பாட்டையே விட்டா சீக்கிரம் குறையுமா?

ஃபார்மசி_மார்த்தாண்டம்:
வெறும் வயித்துல போட்டா அப்படித்தான். சாப்பாட்டோட நடுவுல போடணும். குறைஞ்ச அளவுல தொடங்கி மெல்லக் கூட்டுறது, மெதுவாக் கரையிற வகைக்கு மாத்துறது ரெண்டும் டாக்டர்ட்ட கேக்கக்கூடியவை. தானா நிறுத்த வேண்டாம். நீண்ட நாள் எடுத்தா பி12 குறையலாம், டாக்டர்ட்ட அதையும் பார்க்கச் சொல்லுங்க.

ராத்திரியை விடாதீங்க. மறுநாள் 4 மணிக்கு நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்ல வந்து முடியும். அளவைக் குறைச்சு 8 மணிக்குள்ள முடிக்கட்டும். பஸ்ஸுக்கு ஓட்டமா இருந்தா பயறை டப்பாவுல கொடுத்துவிடுங்க, வேகமா நடக்குறது வாரம் 150 நிமிஷம் வரட்டும்.

பலன் பார்க்க மூணு மாசமாவது ஆகும், தராசை வாரம் ஒருக்கா மட்டும் பாருங்க. 90 நாள் கடந்தும் மாதவிடாய் வரலேன்னா உணவை நம்பிக் காத்திருக்காம டாக்டரைப் பார்க்கணும், கருப்பை உட்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும்.