ஹெட் கேஸ்கெட் மாற்றியபின் மைலேஜ் 17-லிருந்து 12 ஆகிவிட்டது: எங்கே தேடுவது?

கேள்வி:
வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், ஒற்றை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), அதைக் கிராங்க்குடன் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இணைப்பது டைமிங் பெல்ட். ஓவர்ஹீட் ஆனதால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கி 0.2 மி.மீ. ஃபேஸிங் செய்து (அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தி), கேஸ்கெட்டும் பெல்ட்டும் புதிதாகப் போட்டார்கள். முன்பு லிட்டருக்கு 17 கி.மீ., இப்போது 12. ஃபுல் டேங்க் போட்டுப் பார்த்த கணக்குதான். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை, ஐட்லிங் 750-ல் நிலையாக நிற்கிறது. கீழ் ஆர்.பி.எம்-மில் இழுவை இல்லை. 3,500 தாண்டினால் நன்றாகப் போகிறது. "ரிங் செட் ஆகட்டும்" என்கிறார் மெக்கானிக். காத்திருக்கலாமா?

பதில்:
வேண்டாம். ஹெட்டை மட்டும்தான் இறக்கியிருக்காங்க, பிஸ்டன் ரிங்கைத் தொடவே இல்லை. புதுசா செட் ஆக அங்கே ஒண்ணும் கிடையாது.

ஸ்கேனர் மாட்டி மூணு அளவு பாருங்க: அரை மணி நேரம் ஓட்டினபிறகு கூலன்ட் வெப்பம், ஏ.சி. போடாம ஐட்லிங்ல மேப் சென்சார் அளவு (காற்று உள்ளே போற இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிற அழுத்தம்), லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற கணக்கு). டயர் காற்றும், பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கான்னும் கையோட பார்த்துடுங்க.

கேட்டவர்:
டயர், பிரேக் சரி. கூலன்ட் 68 டிகிரி, வேகமாகப் போனால் 62. மேப் 47 கிலோபாஸ்கல். ட்ரிம் மைனஸ் 11. வண்டி ஓடுவது கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்.

பதில்:
அப்படின்னா ரெண்டு கோளாறு இருக்கு.

ஒண்ணு, தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. பெரும்பாலான தெர்மோஸ்டாட் 82-லிருந்து 88 டிகிரியில்தான் திறக்கும். 62-ன்னா அது திறந்தே சிக்கியிருக்கணும், இல்லைன்னா கழற்றியே போட்டுட்டாங்க. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. ரொம்ப நேரம் குளிர்ச்சியாவே இருந்து, பிறகு சட்டுனு சுடணும். தொடக்கத்திலிருந்தே இன்ஜினோட சேர்ந்து மெதுவா சூடேறினா சந்தேகமே வேண்டாம். இன்ஜின் சூடாகவில்லைன்னு ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும், ஆயிலும் கெட்டியாவே நிற்கும்.

இன்னொண்ணு, கேம் டைமிங். உங்க மாதிரி இன்ஜினுக்கு ஐட்லிங்ல மேப் பொதுவா 30-லிருந்து 38-க்குள் இருக்கும். 47 வருது, கீழே இழுவை இல்லை, மேலே போகப்போக சரியாகுது: கேம் ஒரு பல் பின்தங்கிய அடையாளம் இது. இன்டேக் வால்வு தாமதமா மூடுறதால, உள்ளே போன காற்றில் கொஞ்சம் மேனிஃபோல்டுக்கே திரும்புது. மேப் கூடுறதைப் பார்த்து ஈ.சி.யூ. அதிகமா ஊத்துது, அப்புறம் ஆக்சிஜன் சென்சார் சொல்லிக் குறைக்குது. அதுதான் அந்த மைனஸ் 11.

கேட்டவர்:
ஹெட்டை ஃபேஸிங் செய்ததாலேயே டைமிங் மாறியிருக்காதா?

பதில்:
மாறும், ஆனா 0.2 மி.மீ-க்கு கிராங்க்கில் அரை டிகிரிதான் வரும். 40 பல் கேம் வீலில் ஒரு பல் தவறினா கிராங்க்கில் 18 டிகிரி. உங்க மேப் அளவு சொல்றது இதைத்தான்.

பெல்ட் கவரைக் கழற்றி, ஸ்பேனர் போட்டு கிராங்க்கை அது சுழலும் திசையிலேயே கையால் ரெண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்க. ஸ்பார்க் பிளக்கை முன்னாடியே எடுத்துட்டா லேசா சுற்றும். எங்காவது முட்டினா அழுத்தவே கூடாது, வால்வு வளையும். ரெண்டு சுற்று முடிஞ்சு கிராங்க் குறியும் கேம் குறியும் ஒரே நேரத்தில் நேரா நிற்கணும். பல நேரம் பெல்ட்டைச் சரியா மாட்டியிருப்பாங்க. பெல்ட்டை விறைப்பா வைக்கிற டென்ஷனரை இறுக்கும்போது தொய்வு தப்பான பக்கம் போய் ஒரு பல் தாண்டிடும். அதனால டென்ஷனர் இறுக்கினபிறகுதான் இந்தச் சோதனை.

இன்னொருவர்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால், ஓவர்ஹீட் திரும்ப வரக்கூடாது என்பதற்காகவே செய்திருப்பார்கள். புதிதாகப் போட்டதும் பழைய காரணம் தலைகாட்டலாம். எனவே கூலன்டில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றி, நிறுத்திய வண்டியில் ஃபேன் ஓடி நிற்கும்வரை ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபேன் ஓடியும் 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, ரேடியேட்டர் அடைப்பையும் வாட்டர் பம்ப்பையும் பாருங்கள். அதுவரை நீண்ட பயணம் வேண்டாம்.