ஃப்ளாட் போட்டால் மூலைகள் வெளுக்கின்றன: பூம்பாறையில் எடுத்த கரினா நெபுலா

கேள்வி:
வணக்கம். கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் கரினா நெபுலாவை (தென்வானத்து ஒளிமுகில்) எடுத்தேன். கேமரா ஏஎஸ்ஐ 2600 எம்சி ப்ரோ, கெயின் (சிக்னல் பெருக்கம்) 100, சென்சார் மைனஸ் 10 டிகிரி, 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி). 120 நொடி லைட் (வானத்தைப் பிடித்த படம்) 40, ஃப்ளாட் (மூலை இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்ய, சீரான ஒளியில் எடுப்பது) 25, பயாஸ் (மூடி போட்டு, மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பது) 50. டார்க் (மூடி போட்டு, லைட் அளவு நொடிக்கே எடுப்பது) மட்டும் பழைய தொகுப்பு. சிரில் என்ற மென்பொருளில் அடுக்கினால் மூலைகள் நடுவைவிட வெளுத்து, தூசி வளையங்கள் வெள்ளையாக வருகின்றன. மதுரையில் இதே டார்க்கை வைத்து எடுத்த படம் சுத்தமாக இருந்தது. ஃப்ளாட்டை மறுபடி எடுக்கணுமா?

பதில் 1:
ஃப்ளாட்டைத் தொடாதீங்க. மூலை கறுத்தே நின்றால் ஃப்ளாட்டில் பயாஸ் கழியவில்லை. வெளுத்தால் லைட்டில்தான் ஏதோ கழியாமல் மிச்சம் இருக்கு. லைட், டார்க் இரண்டின் ஃபிட்ஸ் ஹெடரையும் (படக்கோப்பில் பதிவாகும் விவரக்குறிப்பு) திறந்து கெயின், ஆஃப்செட் (எல்லாப் பிக்சலிலும் கேமரா கூட்டும் நிலையான அளவு), வெப்பநிலை, நொடி நாலையும் ஒப்பிடுங்க. படம்பிடிக்கும் மென்பொருளை மாற்றினாலே ஆஃப்செட் மாறிவிடும், கவனத்துக்கு வராது.

மதுரையில் தெரியாததற்குக் காரணம் வானம். கழியாத மிச்சம் 400 ஏடியு (பிக்சலின் அளவைக் குறிக்கும் எண்), மூலையில் ஒளி நடுவில் இருப்பதில் 80 சதவீதம் என்று வைப்போம். ஃப்ளாட்டால் வகுத்த பிறகு அந்த 400 மூலையில் 500 ஆகிவிடும். நகர வானம் 4000 என்றால் நடு 4400, மூலை 4500, கண்ணுக்கே தெரியாது. பூம்பாறை இருட்டில் வானம் 300தான்: நடு 700, மூலை 800. ஸ்ட்ரெச் செய்ததும் (மங்கலானதைப் பிரகாசமாக்கியதும்) பளிச்சென்று தெரியும். நல்ல வானம்தான் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் சார். லைட், ஃப்ளாட், பயாஸ் மூன்றிலும் ஆஃப்செட் 50, டார்க்கில் 10. டார்க் எடுக்க மறுபடி மலையேறணுமா?

பதில் 1:
அந்த ஆஃப்செட் வித்தியாசம்தான் கழியாத மிச்சம். மலையேற வேண்டாம், டார்க்கை வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் கேமராவின் கூலர் சுற்றுவெப்பத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரிதான் இறக்கும். அறை 32 டிகிரி என்றால் மைனஸ் 10-க்குப் போகாது. ஏசி அறையில் இரவில் வையுங்க. மூடி போட்டு, மேலே கறுப்புத் துணியும் சுற்றி, 120 நொடியில் 30 எடுங்க. அதுவரை சிரிலில் பழைய டார்க்கை நீக்கிவிட்டு, லைட்டுக்கும் பயாஸையே கொடுங்க. இந்த சென்சாரில் ஆம்ப் க்ளோ (ஓரத்தில் தானாக வரும் வெளிச்சக் கறை) இல்லை, படம் அநேகமாகச் சரியாகிவிடும். புது டார்க் வந்த பிறகு பயாஸை லைட்டில் சேர்க்காதீங்க, அது டார்க்குக்குள்ளேயே இருக்கு.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். பத்து டிகிரி அட்சரேகையில் கரினா உச்சியிலேயே 20 டிகிரி உயரம்தான் வரும். தேனிப் பக்கத்துச் சமவெளி வெளிச்சம் படத்தின் கீழ்ப்பாதியில் ஏறும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் அது ஃப்ளாட் விவகாரமே இல்லை, சிரிலின் பின்னணி நீக்கத்தில்தான் சரியாகும்.

பனியையும் பாருங்க. லென்ஸில் ஈரம் படிந்த ஃப்ரேம்களை எந்த ஃப்ளாட்டும் மீட்காது. நட்சத்திரத்தைச் சுற்றிப் புகை வளையம் தெரிந்தால் அவற்றை அடுக்காமல் ஒதுக்கிவிடுங்க. ட்யூ ஹீட்டரை (லென்ஸைச் சூடாக வைக்கும் பட்டை) ஈரம் வந்த பிறகு இல்லை, படம் ஆரம்பிக்கும்போதே போடணும்.