செத்து ஒதுங்கும் ஓங்கலைப் புதைக்கும் முன் கொழுப்பைச் சோதிக்க வேண்டுமா?

முட்டம் கலங்கரை:
நம் கரையில் ஓங்கல், அதாவது டால்பின், செத்து ஒதுங்கினால் வனத்துறை வரும், கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்ப்பார், அங்கேயே குழி வெட்டிப் புதைப்பார்கள். குழியில் தள்ளும் முன் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறேன். 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலூ என்ற பெண் ஓர்க்கா (கொலைத் திமிங்கலம்) செத்து ஒதுங்கியது. அதன் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் கலந்திருந்த ரசாயனம் அது. 9 மில்லிகிராம் தாண்டினாலே உடலைக் கெடுக்கத் தொடங்கும். லூலூ முழுதாக வளர்ந்த உயிர், ஆனாலும் ஒரு குட்டிகூட ஈன்றதில்லை. பிரிட்டனில் பிசிபிக்கு 1981-லேயே தடை.

தூத்தூர் தங்குகடல்:
தம்பி, லூலூ செத்தது கயிற்றில் சிக்கி. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதே 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேல் திமிங்கலங்கள் ஒதுங்கியபோதும் ரசாயனம் என்றுதான் பலர் பேசினார்கள். 1973-லும் அந்தக் கரையோரம் 147 ஒதுங்கின. கூட்டமாகவே திரியும் இனம், ஒன்று வழி தப்பினால் மற்றவையும் பின்னால் வரும். 2025-இல் கேரளக் கடலில் எல்சா 3 சரக்குக் கப்பல் மூழ்கி பிளாஸ்டிக் மணிகள் கரையேறியபோது, வாங்க ஆளில்லாமல் எங்கள் அத்தை மீன் கூடையை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தார். கடலில் விஷம் என்று நீங்கள் எழுதுவது ஏலக்கூடத்தில்தான் வந்து விழும்.

முட்டம் கலங்கரை:
கயிற்றைச் சொல்லாதது என் தவறுதான் அண்ணா. மணப்பாட்டுக்கும் ரசாயனத்துக்கும் முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் லூலூவின் கருப்பை காலியாக இருந்ததற்குக் கயிறு காரணமில்லையே! நம் பக்கம் பிசிபியைவிட டிடிடி என்ற பூச்சிக்கொல்லிதான் பெரிய கணக்கு. 1990-களில் வங்கக் கடலின் தென்னிந்தியக் கரையில் கிடைத்த டால்பின்களில் டிடிடிதான் முன்னால் நின்றது. வயலுக்கு 1989-இல் தடை வந்தது, கொசு ஒழிப்புக்கு அதற்குப் பிறகும் அடித்தார்கள். இந்த நஞ்சுகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் தங்கும். சாளையில் கொஞ்சம், சாளையைத் தின்னும் சூரையில் அதைவிடக் கூடுதல், எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் தின்னும் ஓங்கலில் மூட்டை. தாய் ஓங்கல் தன் சுமையில் பெரும்பகுதியைப் பாலில் இறக்குகிறது, அதுவும் தலைச்சன் குட்டிக்குத்தான் அதிகம். ஆணுக்கு அந்த வழியும் இல்லை, சாகும்வரை ஏறிக்கொண்டே போகும். தலைச்சன் குட்டியை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கடியப்பட்டணம் மீன்காரி:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறாப் புட்டு கேட்கிறார்கள், கொடுக்கலாமா கூடாதா?

முட்டம் கலங்கரை:
சாளையும் நெத்தோலியும் பயமில்லாமல் கொடுங்கள் அக்கா. சின்ன மீன், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பிடிபடுவது, நஞ்சு அதிகம் சேரக் காலமில்லை. பெரிய சுறாவில் பாதரசம் சேரும், அது சதையிலேயே இருப்பதால் கொழுப்பை நீக்கினாலும் போகாது. பாலூட்டும் தாய்க்குப் பெரிய சுறா வேண்டாம்.

தூத்தூர் தங்குகடல்:
எங்கள் ஊர் பிழைப்பே பெரிய சுறாவும் கேரைச் சூரையும்தான், அதை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். டிடிடி அடித்தது நாங்களா? டிரான்ஸ்பார்மர் எண்ணெய் ஊற்றியது நாங்களா? கரையில் இருப்பவன் கொட்டினான், விலை இறங்குவது எங்கள் மீனுக்கு.

முட்டம் கலங்கரை:
அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். நம் ஓங்கலில் என்ன இருக்கிறது என்று கையில் எண் இருந்தால், ‘கரையில் கொட்டியவனைப் பிடி’ என்று நீங்களே கேட்கலாம். எண் இல்லாதவரை வதந்திதான் விலை வைக்கும்.

தூத்தூர் தங்குகடல்:
சரி, ஒன்று கேட்கிறேன். ஒதுங்குவதைவிட வலையில் மாட்டிச் சாவது அதிகம். ஓங்கல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வரும் என்று கடலிலேயே விட்டுவிடுகிறோம். வழக்கு போட மாட்டோம் என்று எழுதித் தரட்டும், கொழுப்பு என்ன, முழு ஓங்கலையே ஐஸ் போட்டுக் கொண்டுவருகிறோம்.

கடியப்பட்டணம் மீன்காரி:
இதை அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கையெழுத்துக்கு எங்கள் பெண்களைக் கூட்டி வருகிறேன்.