'அவுட்லுக்'குக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தேவிபட்டினம், மொழிபெயர்ப்பவர்

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டிய வேலை ஒன்றில், ஒரே ஒரு சொல்லோடு நாலு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன். கடலோரப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகம். அதில் ஒரு பாடம் அமெரிக்காவின் வடமேற்குக் கரையைப் பற்றியது, அதாவது வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் கடலோரம். நம்மைப் போலவே அவர்களுக்கும் நவம்பர், டிசம்பரில்தான் மழை. ஒற்றுமை அதோடு சரி. அங்கே ஒலிம்பிக் மலைகளின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 800 சொச்சம்.

சிக்கல் 'வின்டர் அவுட்லுக்' என்பதில். அந்நாட்டுக் காலநிலை முன்கணிப்பு மையம் மாதந்தோறும் மூன்றாம் வியாழக்கிழமை வெளியிடுவது. நாளைக்கு மழை உண்டா இல்லையா என்று அது சொல்லாது. வரும் மூன்று மாத மழை இயல்பைவிடக் கூடுதலா, இயல்பா, குறைவா, இந்த மூன்றில் எந்தப் பக்கம் வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் சொல்லும். எந்தப் பக்கமும் தெரியாவிட்டால் 'சம வாய்ப்பு' என்று வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவிடுவார்கள்.

'முன்னறிவிப்பு' என்று போடலாம் என்றால், அதே பாடத்தில் 'ஃபோர்காஸ்ட்' தனியாக வருகிறது. இப்போதைக்கு 'குளிர்கால வானிலைக் கண்ணோட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

பரமக்குடி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

தம்பி, பிடிக்காமல் போனது நல்ல அறிகுறி. குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். 'வானிலைக் கண்ணோட்டம்' என்றால் வானம் நம்மேல் இரக்கப்படுகிறது என்றாகிவிடும்.

கீழக்கரை

பேராசிரியர் ஐயா, தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஊருக்கு அந்தப் பொருள்தான் பொருத்தம்! அப்படியே விட்டுவிடலாமே.

பரமக்குடி

நகைச்சுவை இருக்கட்டும். 'குளிர்காலம்' என்பதிலும் எனக்கு மறுப்பு உண்டு. குளிரும் மழையும் சேர்ந்து வரும் பொழுதுக்கு நம்மிடம் 'கூதிர்' என்று சொல் இருக்கிறது, ஐப்பசியும் கார்த்திகையும். நெடுநல்வாடையைத் திறந்தால் முதல் இரண்டு அடிகளிலேயே உலகம் நடுங்க, 'பொய்யா வானம்' புதுமழை பொழிகிறது. அந்த வாஷிங்டன்காரர்களுக்கு இருப்பது அதுதான். பனியும் வெயிலுமான நம் மார்கழி, தை அல்ல. தொல்காப்பியர் கூதிரைக் குறிஞ்சிக்கு வைத்தார். நெய்தலுக்கு எற்பாடு என்ற சிறுபொழுதை மட்டும் சொன்னார், பெரும்பொழுது தனியே சொல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்க. ஆகவே கடற்கரைக்குக் கூதிரைக் கொண்டுபோவதில் இலக்கணத் தடை ஏதும் இல்லை. மேலும் 'கூதிர்' என்பதே மேலை மொழியின் 'கோல்ட்' என்பதற்கு வேர் என நான் வெகுநாளாகக் கருதி வருகிறேன். ககரமும் லகரமும்...

தொண்டி, புவியியல் ஆசிரியை

ஐயா, ககரத்தை அடுத்த வாரம் பார்க்கலாம், தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு. ஆனால் 'கூதலா இருக்கு' என்று என் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள், அதனால் கூதிர் அவ்வளவு செத்துப்போன சொல் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி அனுப்பிய வரைவை நேற்று ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 'இக்கரையில் இயல்பைவிட அதிக மழைக்கு 40 விழுக்காடு வாய்ப்பு' என்று ஒரு வரி. ஒருத்தன் எழுந்து, "அப்ப அறுபது பங்கு மழையே பெய்யாதா டீச்சர்?" என்றான். பக்கத்தில் இருந்தவன், "இல்லடா, எப்பவும் பெய்யறத விட நாப்பது கூடப் பெய்யும்" என்று திருத்தினான். இரண்டும் தப்பு. எந்தச் சாய்வும் இல்லாவிட்டால் மூன்று பக்கத்துக்கும் 33, 33, 33. அதில் ஒரு பக்கம் 40 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு விளக்க ஒரு பீரியட் முழுதும் போய்விட்டது. சொல் சரியாக இருந்தால் பாதி பீரியடாவது மிஞ்சும்.

மண்டபம்

நான் படித்தவன் இல்லை, வலை இழுத்த குடும்பம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வானம் கறுத்துக் காற்று அடங்கினால் எங்கள் வீட்டில் "மழைக்கோலமா இருக்கு" என்பார்கள். வந்தாலும் வரும், வராமலும் போகும். அந்தச் சந்தேகம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'பருவக்கோலம்' என்று வையுங்களேன். நமக்குக் கொண்டல் காற்றா வாடையா என்று பார்த்துச் சொல்கிற பேச்சுதானே இதுவும்?

கீழக்கரை

அண்ணே, அழகான சொல். ஆனால் கோலம் இப்போது இருக்கிற தோற்றம். இவர்கள் சொல்வது இன்னும் வராத மூன்று மாதத்தை. போதாததற்கு மார்கழியில் வாசலில் போடுவது என்று பிள்ளைகள் நினைத்துவிடும்.

பரமக்குடி

'பருவம்' என்பதை எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது வியப்பளிக்கிறது. அது வடமொழிப் 'பர்வ'த்திலிருந்து வந்தது என்பார் உண்டு. 'பரு' என்னும் நம் வேரிலிருந்து முதிர்தல், திரளல் என்ற பொருளில் கிளைத்தது என்பது என் கட்சி. ஆயினும் ஐயத்துக்கு இடமில்லாமல் 'பொழுது' என்றே ஆளலாம். கூதிர்ப்பொழுது முன்னோக்கு. இதுவே என் பரிந்துரை.

கீழக்கரை

பருவத்தை வடமொழிக்குக் கொடுத்துவிட்டால் 'மான்சூன்' எங்களுக்கு வந்துவிடும் ஐயா. அரபியில் மவ்சிம், பருவம் என்று பொருள். போர்த்துக்கீசியர் வாங்கி, ஆங்கிலேயர் வாங்கி, திரும்ப நம்மிடமே விற்றார்கள். 'மாலுமி'யும் அரபி முஅல்லிம்தான். எங்கள் ஊர் மரக்கலக்காரர்கள் எந்தச் சொல்லுக்கும் பாஸ்போர்ட் கேட்டதில்லை.

மன்னாரில் பிறந்து இப்போது மண்டபத்தில் இருப்பவர்

எங்கள் பக்கம் குளிர்காலம் என்று யாரும் சொல்லுவதில்லை, மாரிகாலம் என்றுதான் சொல்லுவம். ஐப்பசிக்கு மழை பிடிச்சால் தை வரைக்கும் மாரி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கூதிரையும் வேண்டாம், குளிரையும் வேண்டாம், 'மாரிகாலம்' என்று போடுங்கோ.

தேவிபட்டினம்

மாரிகாலம் எனக்கும் பிடித்திருக்கிறது அண்ணே. ஆனால் அதே பாடத்தில் அந்தக் கரைக்கு உள்ளே இருக்கும் மலைகளில் உறைபனி விழுவதும் வருகிறது. ஆகவே குளிர்காலம் இருக்கட்டும். முதல் முறை வரும்போது மட்டும் 'அவர்களுக்கு அதுதான் மாரி' என்று ஒரு வரி சேர்க்கிறேன். அவுட்லுக்குக்கு வாருங்கள்.

திருவாடானை, விவசாயம்

வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இது என் பிழைப்பு, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் புரட்டாசியில் புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்போம். இந்திய வானிலைத் துறை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான மழை நிலவரத்தைச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாளிலோதான் சொல்கிறது. அதற்குள் பாதிப் பேர் விதைத்து முடித்திருப்போம். சொன்ன பிறகும் ஊரில் அதை 'அறிவிப்பு' என்கிறார்கள். அறிவிப்பு என்றால் நடந்தே தீரும் என்று காதில் விழுகிறது. தப்பினால் திட்டு. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கே அதன் கொள்ளளவு எப்போதாவதுதான் நிறைகிறது. அதனால் 'அறிவிப்பு' என்று முடியாத ஒரு சொல் வேண்டும்.

தொண்டி

அண்ணன் சொன்னதைத் தொட்டு இன்னொன்று. பாடத்தில் லா நினா வருகிறது, அதாவது நடுக்கோட்டை ஒட்டிய பசிபிக் கடல்நீர் இயல்பைவிடக் குளிர்ந்துபோகும் நிலை. லா நினா ஆண்டென்றால் வாஷிங்டன் கரையில் மழை கூடும் பக்கம் சாயும். நம் வடகிழக்குப் பருவமழை குறையும் பக்கம் சாயும். பிள்ளைகளுக்கு இதுதான் சுவை: ஒரே பசிபிக் பெருங்கடல், அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு. ஆனால் 2021 லா நினா ஆண்டுதான். தமிழ்நாட்டில் மழை இயல்பைத் தாண்டிக் கொட்டியது. ஆக அது சாய்வு, சட்டம் இல்லை. 'பருவச் சாய்வு' என்றே வைத்தால் என்ன?

பரமக்குடி

நன்று. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்றார் வள்ளுவர். துலாக்கோல் ஒரு பக்கம் சாய்வதே வாய்ப்பு. இதில் மண்டபத்தாரின் 'கோலம்' கோலிலிருந்தே வந்தது என்பதையும் காட்டலாம். கோலுதல், வளைத்தல், கோடு...

கீழக்கரை

டீச்சர், சாய்வு தனியாக நிற்காது. 'வானிலைத் துறை பருவச் சாய்வு வெளியிட்டது' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ கட்டடம் சாய்ந்த செய்தி மாதிரி இருக்கிறது. படகு சாய்ந்தது என்றால் எங்கள் தெருவே ஓடும்.

'முன்னோக்கு' ஓரளவு பரவாயில்லை. ஆனால் 'முன்' ஒரு விசித்திரம். முன்னோர் என்றால் போனவர்கள், முன்னேற்றம் என்றால் போகப் போவது.

பரமக்குடி

அது விசித்திரமன்று. காலத்தில் முற்பட்டதும் இடத்தில் முற்பட்டதும் ஒரே சொல்லில் அடங்குவது நம் மரபு. பின்னோர் என்றால் வரப்போகிறவர், பின்தங்குதல் என்றால்...

தேவிபட்டினம்

ஐயா, வியாழன் இரவு பதினொன்று ஆகிறது. இதுவரை வந்ததை எண்ணிவிட்டேன். 'பருவ முன்னோக்கு'க்கு நான்கு பேர், அதில் இருவர் 'வேறு கிடைக்காததால்' என்று தனி மடலில் எழுதியிருக்கிறார்கள். 'பருவச் சாய்வு'க்கு இரண்டு, 'பருவக்கோலம்' ஒன்று, 'கூதிர்ப்பொழுது முன்னோக்கு' ஒன்று. கண்ணோட்டத்துக்கு ஒரு வாக்கு, அது வேடிக்கை வாக்கு என்று தள்ளிவிட்டேன்.

தலைப்பில் 'குளிர்காலப் பருவ முன்னோக்கு' என்று போடுகிறேன். விளக்கத்தில் 'மழை எந்தப் பக்கம் சாய்கிறது' என்று டீச்சரின் சொல்லை வைத்துக்கொள்கிறேன். மூன்று கட்டப் படமும் உண்டு.

கீழக்கரை

வேடிக்கை இல்லை தம்பி, மனசாரப் போட்ட வாக்கு.

பரமக்குடி

குளிர்காலமே ஒரு பருவம். 'குளிர்காலப் பருவம்' கூறியது கூறல். ஒன்றை நீக்குக. என் மறுப்பைப் பதிவு செய்து வைக்கவும்.

தேவிபட்டினம்

பதிவு செய்துவிட்டேன் ஐயா. 'குளிர்கால முன்னோக்கு' என்று சுருக்கிவிட்டேன், அது நியாயம்தான்.

மண்டபம்

ரெண்டு நாளில் மறந்துவிடுவீர்கள் என்று சொல்கிறேன்: 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அதை எந்த முன்னோக்கும் சொல்லியிருக்காது. அதற்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டுதான். பாம்பனில் எத்தனாம் நம்பர் ஏற்றியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் படகை அவிழ்ப்போம். அதையும் ஒரு வரி எழுதி வையும்.

தொண்டி

இதை நானே எழுதித் தருகிறேன் அண்ணே. முன்னோக்கு மூன்று மாதத்துக்கு, கூண்டு இன்றைக்கும் நாளைக்கும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் உடனே பிடிபடும், கூண்டு அவர்களுக்குத் தெரிந்தது.

தேவிபட்டினம்

அனுப்பியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. அடுத்த பாடத்துக்கும் உதவி வேண்டும், இம்முறை பத்து நாள் இருக்கிறது. அதே கரையில் வெப்பக் கடலிலிருந்து ஈரத்தை நீண்ட பட்டையாகக் கொண்டுவந்து கொட்டும் ஒன்றுக்கு 'அட்மாஸ்பெரிக் ரிவர்' என்கிறார்கள். 'வளிமண்டல ஆறு' என்று போடலாமா?

பரமக்குடி

பொறுங்கள். முதலில் அது ஆறா, யாறா?