ரிவர்ல டிரா விழலைன்னா பெட் பண்றதா, செக் பண்றதா?

புதுக்கை: வணக்கம். சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் சேர்ந்து டெக்சாஸ் ஹோல்டெம் (கையில ரெண்டு சீட்டு, மேஜையில அஞ்சு பொதுச் சீட்டு வர்ற போக்கர்) ஆடுவோம். காசு கிடையாது, சிப்ஸ் மட்டும்தான். பிளைண்ட், அதாவது சீட்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கட்டாயமா போடறது, 10/20. மூணு வாரமா ஒரே இடத்துல மாட்டிக்கிறேன்: டிரா, அதாவது ஒரு சீட்டு வந்தா பெரிய கை ஆகற நிலை, கடைசிவரை விழாம போறப்போ.

போன வாரக் கை இது. நான் பட்டன் (கடைசியா முடிவெடுக்கிற இடம்). கையில ஆர்ட்டின் ஜாக், ஆர்ட்டின் பத்து. 60-க்கு ஏத்தினேன், 20 போட்ட பிக் பிளைண்ட் மட்டும் கால் (அதே அளவு போட்டார்). நடுவுல சேர்ந்த பாட் 130. ஃப்ளாப்ல (முதல் மூணு பொதுச் சீட்டு) இஸ்பேட் கிங், ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் நாலு. அவர் செக் (எதுவும் போடலை), நான் 80, அவர் கால். டர்ன் (நாலாவது சீட்டு) கிளாவர் ரெண்டு. அவர் செக், நான் 200, அவர் கால். பாட் 690. ரிவர் (கடைசிச் சீட்டு) இஸ்பேட் நாலு. ஃப்ளஷும் (ஒரே ஜாதியில அஞ்சு) விழலை, ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையா அஞ்சு) விழலை. அவர் மறுபடி செக்.

ஒரு ஜோடி கூட இல்லை, வெறும் ஜாக் ஹை, செக் பண்ணினா தோல்விதான்னு 450 போட்டேன். அவர் ரெண்டு சிப்ஸை விரல்ல உருட்டிக்கிட்டே யோசிச்சுட்டு, கால் பண்ணிட்டார். காட்டினது ஒன்பது, ஏழு. எங்கே தப்பு பண்ணினேன்? டிரா விழாதப்போ எப்போ பெட், எப்போ செக்?

சிப்ஸ்கணக்கு: முதல்ல ஒண்ணு, டிரா விழாம போறது துரதிர்ஷ்டம் இல்லை. உங்களுக்கு ஃப்ளஷுக்கு ஆர்ட்டின் 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு மத்த குயின் 3, மொத்தம் 12 அவுட்ஸ் (கையை முடிக்கிற சீட்டுகள்). ஃப்ளாப்ல இருந்து ரெண்டு சீட்டுல விழ 45% வாய்ப்பு. பாதிக்கு மேல விழாது.

690 பாட்ல 450 போட்டா, அவர் 10-க்கு 4 தடவை ஃபோல்ட் பண்ணினாலே (கையை விட்டுட்டாலே) அந்த பெட் நஷ்டமில்லை. அதுக்காக விழாத டிரா எல்லாத்தையும் போடக்கூடாது. இந்த அளவு பெட் 10 தடவை போட்டா, 7 நிஜமாவே நல்ல கை, 3 ப்ளஃப் (கை இல்லாம போடற பெட்)னு இருந்தா போதும். அதுக்கு மேல போனா யோசிக்கிறவர் எல்லாத்தையும் கால் பண்ணுவார்.

மூணாம்சுற்று: கணக்கு சரி, ஆனா சீட்டைப் பாருங்க. ரெண்டு தடவை கால் பண்ணினவர் கையில என்ன இருக்கும்? கிங், ஒன்பது, இல்லைன்னா ஆர்ட்டின் டிரா. கிங் ஃபோல்ட் ஆகாது. ஃபோல்ட் ஆகறது விழாத ஆர்ட்டின்தான். போர்டுல ரெண்டு போக மீதி 11 ஆர்ட்டின், அதுல ரெண்டு ரெண்டா 55 ஜோடி. உங்க கையில ரெண்டு இருக்கறதால அது 36 ஆயிடுது. அவர் ஃபோல்ட் பண்ணவேண்டிய கையை நீங்களே பிடிச்சு வச்சிருக்கீங்க.

அதே ஜாக்-பத்து டைமண்ட்ல இருந்திருந்தா ப்ளஃபுக்கு இன்னும் நல்ல கை. உங்க கையில ஒரு ஜாக், ஒரு பத்து இருக்கறதால, அவர் கால் பண்ற கிங்-ஜாக், கிங்-பத்து ஜோடிகள் தலா 12-லிருந்து 9 ஆகக் குறையுது, ஆர்ட்டின் 55-ம் அப்படியே அவர் பக்கம். இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஆர்ட்டின் ஏஸ் கையில இருந்து ஃப்ளஷ் விழலைன்னா செக் பண்ணிடுங்க. அவரோட விழாத டிராவை ஏஸ் ஹையே ஜெயிச்சிடும்.

சிப்ஸ்கணக்கு: அருமையான பாயிண்ட். புதுக்கை, ஒண்ணு கேக்கறேன். அவர் ரிவர்ல எப்பவாவது ஃபோல்ட் பண்ணி பார்த்திருக்கீங்களா?

புதுக்கை: யோசிச்சா... இல்லைங்க. ஒரு ஜோடி இருந்தா கடைசிவரை வருவார்.

சிப்ஸ்கணக்கு: அப்போ மேல சொன்ன கணக்கு எதுவும் அவர்கிட்ட வேணாம். ப்ளஃப் வேலை செய்ய அவர் ஃபோல்ட் பண்ணணும். டர்னையும் பாருங்க. அவர் கையில கிங் இருந்தா, டர்ன்ல உங்களுக்கு 26% தான். நீங்க 200, அவர் 200 போட்டா அந்த 400-ல உங்க பங்கு 104. அவர் செக் பண்ணினதும் நீங்களும் செக் பண்ணியிருந்தா ரிவர் சீட்டு இலவசம். ஃப்ளஷ் விழுந்தா அப்போ பெருசா போடுங்க, அவர் எப்படியும் கால் பண்ணுவார்.

மூணாம்சுற்று: ஆமா, விழுந்தப்போ பாட்ல எவ்வளவு இருக்கோ அதை முழுசா போடுங்க. உள்ளே மூணு பேர் இருந்தாலும் இதே பதில்தான்: விழலைன்னா செக். யாராவது ஒருத்தர்கிட்ட ஜோடி இருக்கும்.

புதுக்கை: ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். டர்ன்ல செக் பண்ணலாம்னு எனக்குத் தோணவே இல்லை. ஃபோல்ட் பண்றவங்க எங்க மேஜையில இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அந்த டைமண்ட் விஷயத்தை அவங்ககிட்ட பார்க்கறேன். இந்த சனிக்கிழமை கை எப்படிப் போச்சுன்னு இங்கேயே எழுதறேன்.