'லைக்' வந்தாலே சிமிலி என்று எழுதுகிறாள், எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
மகள் ஏழாம் வகுப்பு. சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), அலிட்டரேஷன் (அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது) எல்லாவற்றுக்கும் வரையறையைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து 'இது எது?' என்றால் தடுமாற்றம். 'ஷி லைக்ஸ் டு சிங்' கூட சிமிலியாம்! 'எல்ஒய்'யில் முடிந்தால் அட்வெர்ப் (வினையை விவரிக்கும் சொல்) என்று வைத்திருக்கிறாள். 'எ ஃப்ரெண்ட்லி டாக்' வந்ததும் மாட்டிக்கொண்டாள். தமிழில் உவமை, உருவகம் நன்றாகத் தெரியும். அதை வைத்தே சொல்லிக்கொடுக்கலாமா?

பதில் 1:
வரையறையை உருப்போட வைத்தால் இப்படித்தான் ஆகும், அவளைக் குறை சொல்லாதீர்கள். சொல்லைத் தேடாமல் 'எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?' என்று கேட்கச் சொல்லுங்கள். 'ஷி லைக்ஸ் டு சிங்'கில் ஒப்பிட ஒன்றுமே இல்லை, 'லைக்' அங்கே வினைச்சொல். 'ஹி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் பிரதர்' ஒப்பீடுதான், ஆனாலும் சிமிலி இல்லை: இருவரும் மனிதர்கள், நிற்கவைத்து அளந்துவிடலாம். 'ஆஸ் டால் ஆஸ் எ டவர்' என்றால் ஆளையும் கோபுரத்தையும் சேர்க்கிறோம், அது சிமிலி.

'எல்ஒய்' விஷயமும் அப்படித்தான். 'ஃப்ரெண்ட்லி' நாயைப் பற்றிச் சொல்கிறது, அதனால் அட்ஜெக்டிவ் (பெயரை விவரிக்கும் சொல்). 'ரன் ஃபாஸ்ட்' என்பதில் 'ஃபாஸ்ட்' ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதால் அட்வெர்ப்; 'எ ஃபாஸ்ட் கார்' என்றால் அதே சொல் அட்ஜெக்டிவ்.

பதில் 2:
தமிழ் வழி நல்ல வழிதான், ஓரிடத்தில் காலை வாரும். 'மலர் போன்ற முகம்' உவமை. 'போன்ற' மறைந்து 'மலர்முகம்' என்று நின்றாலும் அது உவமைத்தொகை, உவமைக் கணக்கில்தான் சேரும். 'முகமலர்' என்று திருப்பினால்தான் உருவகம். ஆங்கிலத்தில் இந்த மறைவுக்கு இடமில்லை. 'லைக்', 'ஆஸ்' மாதிரி ஒரு சொல் வெளியே தெரிந்தால்தான் சிமிலி. 'ஹெர் ஃபேஸ் இஸ் எ ஃப்ளவர்' மெட்டஃபர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று அவள் குழம்பியது சரியாக இந்த 'மலர்முகம்' மாதிரி இடத்தில்தான். இன்னொன்று: 'சிட்டி கேட்ஸ்' என்பதை அலிட்டரேஷன் என்கிறாள், இரண்டும் ஆங்கில 'சி' (C) எழுத்தில் ஆரம்பிக்கிறதாம். மோனை மாதிரிதானே?

பதில் 1:
மோனைக்குக் கிட்டத்தட்டச் சொந்தம், ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தை நம்பக்கூடாது. 'சிட்டி'யில் 'ஸ' ஒலி, 'கேட்ஸ்'இல் 'க' ஒலி. எனவே இல்லை. 'கேட்ஸ்' (பூனைகள்) 'சி'யிலும் 'கைட்ஸ்' (பட்டங்கள்) 'கே'யிலும் தொடங்கினாலும் ஒலி ஒன்று, அது அலிட்டரேஷன். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், கண்ணைவிடக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

பதில் 3:
ஒரு வரிக்கு ஒரு பெயர்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் உடைத்துவிடுங்கள். 'தி விண்ட் விஸ்பர்ட்' என்பதில் காற்று ஆள்போலக் கிசுகிசுப்பதால் பர்சானிஃபிகேஷன், முதல் ஒலி ஒன்றிப்போவதால் அலிட்டரேஷனும்கூட. தேர்வில் கேள்வி எதைக் கேட்கிறதோ அதை எழுதினால் போதும்.