ரைலே போகும் முன் வலது தோள்பட்டை வலி: ஓய்வா, பயிற்சியா?

மலையேறி_கோவை:
அடுத்த மாதம் தாய்லாந்து ரைலே போறோம். காலையில் சுண்ணாம்புப் பாறை ஏற்றம், மாலையில் கடலில் கயாக் (துடுப்புப் போடுற சின்னப் படகு). இப்போ வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினா தோள் மட்டத்தில் சுருக்குன்னு பிடிக்குது, அதைத் தாண்டினா விட்டுடுது. ரொம்ப நாள் ஆசை, கைவிட மனசில்லை. என்ன செய்யலாம்?

பிசியோ_மதுரை:
தோள் சுழல்தசை நாண் (தோளைச் சுழற்றுற தசைகளை எலும்போட இணைக்கிற நார், rotator cuff) பிரச்சினை மாதிரி தெரியுது, நேரில் பார்த்தால்தான் உறுதி. முழு ஓய்வு வேண்டாம், நாண் இன்னும் பலவீனமாகும். முழங்கையை விலாவோடு ஒட்டி, உடற்பயிற்சி ரப்பர் பேண்டை வெளிப்பக்கமா இழுத்து 30 விநாடி அசையாமப் பிடிங்க, 5 முறை. மறுநாள் காலை வலி கூடியிருந்தா குறைச்சுக்கோங்க. கை மரத்துப்போனாலோ, தூக்கவே முடியலைன்னாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்க. வலி மாத்திரை போட்டுக்கிட்டுப் பாறை ஏறாதீங்க, தயவுசெய்து.

துடுப்பு_கோவளம்:
கயாக்ல கையால இழுக்காதீங்கண்ணா, உடம்பைத் திருப்பி இழுங்க. துடுப்புல மேல இருக்கிற கை தோளுக்கு மேல போகவே கூடாது. இரண்டு பேர் கயாக் எடுங்க, பாரத்தைப் பகிர்ந்துக்கலாம்.

மலையேறி_கோவை:
நன்றி சார், தம்பி. மரத்துப்போறது இல்லை. தொங்குபாறையை (நம்ம பக்கம் சாய்ஞ்சு நிக்கிற பாறை) விட்டுட்டு, கால் பலத்தில் ஏறுற பாதையா எடுக்கலாமா?

பிசியோ_மதுரை:
தாராளமா. தோளைத் தளர விட்டு ஒற்றைக் கையில் தொங்குறதை மட்டும் தவிர்த்துடுங்க.